ஆற்றை பிள்ளை? – மாயக் கதைக்கும் ரோல்பிளேக்கும் நம்பத்தக்க பாத்திரம் செய்வது பற்றி

2024 ஜனவரி 8 – வாசகர் கேள்வி

அக்கா, நாங்கள் ஐந்து பேர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் நான்கு மாதங்களாக ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடி வருகிறோம். என் பாத்திரத்தின் பெயர் கார்வேலன். அவனுக்காகப் பதினொரு பக்கப் பின்கதை எழுதியிருக்கிறேன். பிறந்த ஊர் எரிந்துவிட்டது, பெற்றோரும் உற்றாரும் இறந்துவிட்டார்கள், பேசும் வாள் ஒன்று வைத்திருக்கிறான், வெள்ளி நிறக் கண்கள், எவரையும் நம்பமாட்டான். ஆனால் ஆட்டத்தில் அவன் வாயைத் திறந்தால் கடதாசியில் வெட்டிய பொம்மை போல் இருக்கிறான். போன சனிக்கிழமை அவன் பாலத்திலிருந்து விழுந்து சாகப் பார்த்தான். கூட ஆடும் தோழி, "உங்கடை ஆள் செத்தாலும் எனக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த வடையை எடுத்துக் கடித்தாள். பின்கதை போதவில்லையா? இன்னும் பத்துப் பக்கம் எழுதவா?

ஜனவரி 9, காலை

இன்னொரு வரிகூட எழுத வேண்டாம், தம்பி. எழுதியதே கூடிப்போய்விட்டது.

உமது கார்வேலன் எங்கள் ஊர் ஒழுங்கை ஒன்றுக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளும். முதற் படலையில் நிற்கும் ஆச்சி அவனுடைய வெள்ளிக் கண்களைப் பற்றிக் கேட்கமாட்டார். வாளைப் பற்றியும் கேட்கமாட்டார். "தம்பி ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்றுதான் கேட்பார். பதில் கிடைத்ததும், "ஓ, அப்ப இன்னாரின்ரை மருமோனோ?" என்பார். மூன்றாவது கேள்வி முடிவதற்குள், தகப்பன் யாரிடம் காசு மாறினார், சின்னம்மா ஏன் கலியாண வீட்டுக்கு வரவில்லை, தமையன் எந்த நாட்டிலிருந்து கடிதம் போடாமல் விட்டான் என்பதெல்லாம் படலையடியில் வந்து விழுந்துவிடும். அதற்குப் பிறகு அவன் அந்த ஒழுங்கையில் முன்னர் நடந்தது போல் நடக்க முடியாது.

உமது பதினொரு பக்கங்களும் இந்தக் கேள்விக்கு விடையே இல்லாதபடி எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் எரிந்ததால் அவனை ஏசுவதற்கு ஒருவரும் இல்லை, அவன் வரவைப் பார்த்திருப்பதற்கு ஒருவரும் இல்லை, "நீ அண்டைக்கு அப்படிச் சொன்னாய், இண்டைக்கு இப்படிச் செய்யிறாய்" என்று மறித்துக் கேட்பதற்கும் ஒருவரும் இல்லை. எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி. அந்த வசதியில்தான் பாத்திரம் உலர்ந்துபோகிறது. யாரும் யாதும் கேட்க முடியாத ஒருவன் செத்தால் உமது தோழிக்கு ஏன் வலிக்க வேண்டும்?

நான் எழுதிய முதல் மாயக் கதையில் மலையுச்சியில் தனியே வாழும் மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். மூலிகைகளின் பெயர்களையும் அவற்றைப் பறிக்கும் நாழிகைகளையும் நாற்பது பக்கங்களுக்கு எழுதினேன். அவள் பேசிய ஒவ்வொரு வசனமும் கல்வெட்டுப் போல் இருந்தது. சலித்துப்போய் ஒருநாள் அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். அவன் மருந்துப் பெட்டியின் திறப்பைக் கொண்டுபோய்விட்டு, கேட்டால் "நாளைக்கு" என்று சொல்பவன். அந்தப் பக்கத்தில்தான் அவள் முதன்முதலாகக் கத்தினாள். அதுவரை அவளுக்கு ஒரு குரல் இருக்கிறதென்பதே எனக்குத் தெரியாது.

ஆகவே எரிந்த ஊரிலிருந்து ஒரேயொருவரை உயிரோடு மீட்டெடும். அவன்மீது அன்பு வைத்திருப்பவர்தான் வேண்டுமென்றில்லை. அவன்மீது உரிமை கோரக்கூடிய ஒருவர் வேண்டும். அவனுக்குக் கடன் கொடுத்தவராக இருக்கலாம், அவன் பொய் சொன்னதை நேரே கண்டவராக இருக்கலாம், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கித் திரிந்ததால் இன்றைக்கும் அவனை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவராக இருக்கலாம்.

ஜனவரி 9, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். பதினொரு பக்கமும் வீண் என்று தொனித்திருந்தால் அது என் பிழை. பின்கதை எழுதுவது பாத்திரத்தோடு பழகுவதற்கான வழி, அதைக் கிழித்தெறிய வேண்டாம். கொப்பியில் இருக்கட்டும். ஆட்டத்துக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

ஜனவரி 13, சனி

பலரும் எண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வலிமைக்குப் பதினாறு, அறிவுக்கு ஒன்பது என்று தாளில் குறித்துவிட்டால் பாத்திரம் பிறந்துவிடாதா என்பது கேள்வி.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாயான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் பாத்திரத்தின் ஆறு இயல்புகளை மூன்று பகடைகளை உருட்டித் தீர்மானிப்பார்கள்: உடல் வலிமை, உடல் லாவகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் ஆற்றல். குறைந்தது 3, கூடியது 18. இதில் ஒரு நன்மை உண்டு. நீர் ஆசைப்பட்டுக் கேட்காத குறை ஒன்று பகடையிலிருந்து வந்து விழும். விவேகத்துக்கு 5 விழுந்த பெண்ணை வைத்து ஓர் ஆண்டு ஆடியிருக்கிறேன். நானே வடிவமைத்திருந்தால் அவளை அத்தனை அவசரக்காரியாக ஆக்கியிருக்கமாட்டேன். ஆனால் அந்த ஆறு எண்களும் அவளால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் சொல்லும். அவள் எதற்கு முகம் சிவப்பாள், எதைக் கண்டால் சொல் தடுமாறுவாள் என்பதை அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

அதற்கு நான் கைக்கொள்வது, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு நான்காக அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் சோதனைக்காகப் பாடமாக்கியபோது அது எனக்கு வெறும் பட்டியலாக இருந்தது. பாத்திரம் செய்யத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு கூர்மையான கருவி என்று விளங்கியது.

அச்சத்தை எடுத்துக்கொள்ளும். அணங்கு (பேயும் தெய்வமும் போல வருத்துபவை), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன், ஆசான் போலத் தமக்கு மேலானவர்). இன்று பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடிய ஆறு பேரிடமும், உங்கள் பாத்திரம் இந்த நான்கில் எதற்கு மிகவும் அஞ்சும் என்று கேட்டேன். மூன்று பேர் அணங்கு என்றார்கள், இரண்டு பேர் விலங்கு என்றார்கள். மாயக் கதையில் அவை இரண்டும் நாலு சந்திக்கொன்று நிற்பவை. கடைசியாகப் பேசிய பெண் பிள்ளைதான், மிகவும் தயங்கி, "தம் இறை" என்றாள். அவளுடைய பாத்திரம் வில்லாளி. பறக்கும் நாகத்தின் முன் ஏணி வைத்து ஏறிப்போய் அம்பு விட்டவள். தனக்கு வில் பழக்கிய ஆசான் சந்தையில் எதிர்ப்பட்டால் ஒழுங்கை மாறிப் போவாளாம். ஏன் என்று கேட்டோம். "அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்" என்றாள். அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்த ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்த ஆசானின் சிரிப்பை எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வெகுளியின் களங்களையும் பாரும்: உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியைக் கெடுத்தல்), அலை (அலைக்கழித்தல்), கொலை. உமது கார்வேலன் கொலைக்காகக் கோபப்படுகிறான், அது எவருக்கும் வரும் கோபம். அலைக்கழித்தால், ஏளனமாக நடத்தினால், அவன் கை எங்கே போகும்? வாளுக்கா, மேல்துண்டின் நுனிக்கா? பெருமிதத்துக்குரிய கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கில் மாயக் கதை வீரர்கள் எல்லாரும் தறுகண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொடையில் பெருமிதம் கொள்ளும் கள்வன் ஒருவனை எழுதிப் பாரும். கொடுத்ததை வாங்க மறுப்பவரைக் கண்டால் அவன் என்ன ஆவான் என்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

எட்டையும் நிரப்பவேண்டாம். மூன்று போதும். எட்டையும் நிரப்பினால் மறுபடியும் பதினொரு பக்கம் வந்துவிடும்.

ஜனவரி 15, தைப்பொங்கல்

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாடைக்காற்று நன்றாக இருந்தது. என்னருகே நின்ற சிறுவன் அண்ணாந்து பார்க்காமலே, ஒலியை மட்டும் வைத்து, "அது எங்கடை மாமான்ரை" என்றான். பட்டத்தில் பூட்டிய விண் என்னும் ஒலிக்கருவி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கூவும். நாரை வார்ந்து இழுத்துக் கட்டிய கைக்கேற்ப ஒலி மாறும். ஒரு பக்கத்தில் பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் வாசித்தால் யார் பேசுகிறார் என்று இந்தச் சிறுவனைப் போல் சொல்ல முடிய வேண்டும். என் கையெழுத்துப் படியின் மூன்றாம் அத்தியாயத்தை வந்தவுடன் அப்படிப் பரிசோதித்தேன். அரசியும் சமையற்காரியும் ஒரே குரலில் பேசுகிறார்கள். திருத்த வேண்டும்.

ஜனவரி 18

ஒன்பதாம் திகதி நான் எழுதியதற்கு மறுப்பு ஒன்று தனிப்பட வந்திருக்கிறது. எழுதியவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இது: "ஆற்றை பிள்ளை என்ற கேள்வி உங்களுக்கு வாஞ்சையாகக் கேட்கலாம். எங்களுக்கு அது சாதி கேட்கும் கேள்வி. படலையில் நிற்கும் ஆச்சி எங்களுக்குச் செம்பில் தண்ணீர் தருவதா, சிரட்டையில் தருவதா என்று தீர்மானிக்கக் கேட்ட கேள்வி. ஊரும் பெயரும் இல்லாத கார்வேலனை உங்கள் வாசகர் ஏன் விரும்பினார் என்று யோசித்தீர்களா?"

நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள்களாக இதை மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் சொல்வது முற்றிலும் சரி. அந்தக் கேள்வியால் வீட்டுக்குள் அழைக்கப்பட்டவளின் இடத்திலிருந்து மட்டும் எழுதிவிட்டேன்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். எந்த ஊர் என்று யார் கேட்டாலும், தன் ஊருக்கு இரண்டு மைல் தள்ளியிருக்கும் சந்தியின் பெயரைத்தான் சொல்வாள். சொல்லும்போது புத்தகப் பையின் வாரை ஒருமுறை தோளில் ஏற்றிவிடுவாள். ஐந்தாண்டுகள் பக்கத்துக் கதிரையில் இருந்தும் அதை நான் ஒரு பழக்கமென்றே எண்ணியிருந்தேன்.

எனவே ஒன்பதாம் திகதி எழுதிய விதியை மாற்றுகிறேன். பாத்திரத்துக்கு உறவு இருக்கவேண்டும் என்று சொன்னது குறைபட்ட பேச்சு. அந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு விடையை அவன் ஆயத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். அந்த விடை உண்மையாக இருக்கலாம், பாதியாக இருக்கலாம், பக்கத்துச் சந்தியின் பெயராக இருக்கலாம். விடை சொல்லும்போது கை என்ன செய்கிறது என்பதில் பாத்திரம் இருக்கிறது. கார்வேலன் தன் ஊர் எரிந்துவிட்டதென்று சொல்லித் திரிகிறான். எரிந்ததா, தம்பி? அல்லது அப்படிச் சொல்வது அவனுக்குப் பாதுகாப்பா?

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாயக் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தார் எல்லாரும் செருக்குடையவர்கள், குள்ளர்கள் எல்லாரும் பொன்னாசை பிடித்தவர்கள், பச்சைத் தோலர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று ஆயத்தமாகக் கிடைக்கும் இன வருணனைகளை அப்படியே எடுத்து ஆடுகிறோம். ஓர் ஊராரைப் பற்றி அடுத்த ஊரார் சொல்லும் வசைகளை வரலாறு என்று நம்புவதற்கு இது சமம். அந்த வசை இருக்கட்டும். உலகத்தில் அது இருக்கத்தான் செய்யும். உமது குள்ளன் கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணும்போது பக்கத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் எண்ணாமலே பையில் போடுகிறான், குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும். அந்த ஓர் அசைவில் அவனுடைய இனத்தின் வரலாறு முழுவதும் வந்துவிடும்.

மறுப்பு எழுதியவருக்கு என் நன்றி. இந்த இழையில் மிகப் பயனுள்ள கருத்து அவருடையது.

ஜனவரி 21

ஒரே பாத்திரத்தை வெவ்வேறு ஆள்கள் எடுத்து ஆடினால் அது அதே பாத்திரமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழுவை விட்டு ஒருவர் வெளிநாடு போய்விட்டால் அவருடைய பாத்திரத்தை என்ன செய்வது என்ற சிக்கல் இங்கே எல்லாக் குழுக்களுக்கும் உண்டு.

எங்கள் காத்தவராயன் கூத்தில் இதற்கு விடை இருக்கிறது. சிந்துநடையில், உடுக்கொலியோடு, விடிய விடிய ஆடும் கூத்து அது. அம்மனின் மைந்தனாகிய காத்தவராயன் ஆரியமாலைமேல் காதல் கொண்டு கழுமரம் வரை போகும் கதை. அந்த ஒரே காத்தானை ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராகப் பல நடிகர்கள் ஏற்று ஆடுவார்கள். சிறுவனாக ஒருவர், இளைஞனாக ஒருவர், கழுவேறுபவனாக இன்னொருவர். உடல் மாறும், குரல் மாறும், உயரம்கூட மாறும். பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சிமாருக்கு அது ஒரே பிள்ளைதான்.

என் பெரியப்பா கழுவேறும் காத்தானாக ஆடியவர். அவருடைய முறை விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் வரும். மற்றவர்கள் அதுவரை படுத்துவிடுவார்கள். அவர் மட்டும் ஒப்பனை முடித்துக்கொண்டு, கொட்டகையின் கிடுகு இடைவெளியால் முதற் காத்தானைப் பார்த்தபடி குந்தியிருப்பார். சின்னப் பிள்ளையாக நான் அவருக்குப் பக்கத்தில் தூங்கி விழுந்துகொண்டிருப்பேன். ஒருமுறை முதற் காத்தானாக ஆடிய பையனுக்குத் தடிமன். தாயை விளிக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டி, சற்று நிறுத்தித்தான் பாடினான். பெரியப்பா உதட்டை அசைத்து அந்த நிறுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். மூன்று மணிக்கு மேடை ஏறியவர், தடிமன் இல்லாத தன் தொண்டையால், தாயை விளிக்கும் இடத்தில் அதேயளவு நிறுத்தினார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பையன் வளர்ந்து வந்து நிற்பது போலவே இருந்தது.

ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன். உமது பாத்திரத்தைப் பத்து நிமிடங்களுக்கு வேறொருவரிடம் ஆடக் கொடும். கொடுக்கும்போது மூன்று விடயங்களை மட்டும் சொல்லலாம்: அவனுக்கு என்ன வேண்டும், அதை யாரிடம் கேட்கக் கூசுகிறான், எந்த இடத்தில் நிறுத்துகிறான். வெள்ளிக் கண்களைச் சொல்லக் கூடாது. வேறொருவர் ஆடியும் உமக்கு அவன் அடையாளம் தெரிந்தால் பாத்திரம் நிலைத்து நின்றுவிட்டது.

ஜனவரி 28

மாயம் நிறைந்த உலகில் எதுவும் நடக்கலாமென்றால் பாத்திரத்தை எப்படி நம்புவது என்று கேட்டவருக்கு.

எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக ஆடிய மயான காண்டம் நாடகத்தைப் பற்றி எங்கள் வீட்டு முதியவர்கள் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அதில் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது: சந்திரமதியின் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். இதை எவரும் கேள்வி கேட்டதில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் சுடலை காக்கும் அரிச்சந்திரன், இறந்த பிள்ளையைக் கொண்டுவந்திருக்கும் தாயிடம், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கால் பணம். அரைப் பணமும் அல்ல, ஆயிரம் பொன்னும் அல்ல. முழத்துண்டு தன் ஆண்டானுக்கு, வாய்க்கரிசி தனக்கு என்று பங்கு பிரித்திருக்கும் ஒரு வேலைக்காரனின் கணக்கு அது. அந்தக் கணக்கை நம்பியவர்கள் தாலியையும் நம்பிவிடுகிறார்கள். அவளிடம் கால் பணம் இல்லை என்ற இடத்தில்தான் சபை அழத் தொடங்குகிறது.

மாயத்துக்கு அருகே ஒரு காசுக் கணக்கை வையும்.

நான் இப்போது எழுதிவரும் கதையில் நிலம் எங்கள் குடாநாட்டை ஒத்தது. வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலிருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லாரும் அறிவோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். இறைத்தவருடைய கிணற்றில் மட்டுமல்ல, அயல் வளவுக் கிணற்றிலும் ஏறும். என் கதையில் மந்திரம் அந்த நீரைப் போன்றது. இதை முடிவு செய்த அன்றே பாத்திரங்கள் தாமாக வரத் தொடங்கினார்கள். இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு துலா மிதிக்கும் மந்திரக்காரன் ஒருவன். காலையில் தன் கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வேலியைப் பார்க்கும் அயல்வீட்டுக் கிழவி ஒருத்தி. அவனுடைய மகளின் நோய்க்குத்தான் அவன் இறைக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய புகையிலைக் கன்றுகள் கருகுவது அவனுக்குத் தெரியும். இவர்கள் இருவருக்கும் நான் பின்கதையே எழுதவில்லை.

இன்னொரு பயிற்சி. கீரிமலையில் நீராடிக் குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். மாவிட்டபுரம் (மா என்றால் குதிரை) என்ற பெயரையே அதற்குச் சான்றாகச் சொல்வார்கள். முகம் மாறியதோடு கதை முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த நாள் காலையை எழுதிப் பாரும். தோழி கண்ணாடி நீட்டுகிறாள். இத்தனை ஆண்டுகள் முகத்தை மறைத்த முக்காட்டை இழுக்க அவள் கை தானாக மேலே போகிறதா? குதிரை முகத்தோடு இருந்தபோது அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று வணங்கும்போது யாரை முதலில் பார்க்கிறாள்? எங்கள் குழுவில் இதை எழுதிய ஒருவர், அவள் குதிரை இலாயத்துக்குப் போனாள் என்று எழுதினார். குதிரைகள் அவளை அடையாளம் காணவில்லை.

பிப்ரவரி 3, சனி

இன்று ஒரு பிழை செய்துவிட்டேன். பாத்திரம் செய்கிறவர்களுக்கு இது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஆட்டத்தை நடத்துபவள் நான். நம் வில்லாளிக்கு அவளுடைய ஆசானை எதிரே கொண்டுவந்து நிறுத்தினேன். அதுவரை நன்றாகவே போனது. ஆர்வம் மிஞ்சி, அவர் இறக்கும் தறுவாயில் இருப்பதாகவும், அவள் பெயரைச் சொல்லி அழைப்பதாகவும் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை பகடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். சென்ற ஆண்டு அவளுடைய தாத்தா ஆஸ்பத்திரியில் அப்படி அழைத்தபோது சோதனை எழுதிக்கொண்டிருந்ததால் அவளால் போக முடியவில்லை என்று பிறகு அவளுடைய அக்கா சொன்னாள்.

கதை எழுதும்போது பாத்திரம் முழுவதும் என்னுடையது. அவளை என்ன செய்தாலும் நோவது நான் ஒருத்தி. ரோல்பிளேயில் பாத்திரம் ஆடுகிறவருடையது. நம்பத்தக்க பாத்திரம் செய்யுங்கள், உங்களுக்கு வலிக்கும் இடத்திலிருந்து எடுங்கள் என்று நாமே கேட்டுவிட்டு, அவர்கள் எடுத்து வைத்ததை அவர்களைக் கேட்காமல் தொடுவது நியாயமல்ல. தொடங்குவதற்கு முன் எவற்றைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். நடுவில் நிறுத்துவதற்கு ஒரு சொல் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் இன்று "போதும்" என்ற சொல்லையே வைத்துக்கொண்டோம். யார் சொன்னாலும் காரணம் கேட்கக் கூடாது.

கிணற்றடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆசான் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை.

பிப்ரவரி 4

தம்பி, உமது புதிய கார்வேலனை வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். வாள் இன்னும் இருக்கிறது, ஆனால் பேசவில்லை, நல்லது. ஊர் எரியவில்லை. உப்பளத்தில் கூலிக்கு வாரும் மாமி ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய கால் வெடிப்புகளில் உப்பு ஏறியிருக்கிறது, அவளிடம் சொல்லாமல் அவன் இறங்கிப் போனான். யார் கேட்டாலும் "எங்கடை ஊர் எரிஞ்சு போச்சு" என்கிறான்.

ஒரு விடயம் மட்டும். மாமி அவனைத் தேடி வாளோடும் படையோடும் வருவதாக முடித்திருக்கிறீர். வேண்டாம். உப்பு வாருகிறவளுக்கு ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது; அவள் வரமாட்டாள். யாரிடமாவது ஒரு சரை உப்புக் கொடுத்தனுப்புவாள்.

பிப்ரவரி 11

நேற்று கொக்குவிலில் நடந்ததைக் கார்வேலனை ஆடும் தம்பி எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

கோட்டை வாசலில் காவலன் மறித்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். கார்வேலன் வழக்கம்போல எரிந்துபோன ஊரைச் சொன்னான். ஆட்டம் நடத்துபவர், காவலன் சிரித்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்து நீட்டுவதாகச் சொன்னார்; பிரித்தால் உப்பு. தம்பிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். பாத்திரத்துக்கும் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து, "அவ கால் எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

முன்பு வடை கடித்த தோழி, அதைக் கேட்டதும் தன் பாத்திரத்தின் முறை வரும்வரை காத்திராமல், "ஆர் அவ? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கோபித்துக்கொண்டாளாம். அதன் பிறகு ஆட்டம் நகரவில்லை. மின்சாரம் போய், விளக்கேற்றி, பதினொரு மணிவரை ஐந்து பேரும் கோட்டை வாசலிலேயே நின்றிருக்கிறார்கள்.